இன்னொன்று எங்கே

ஓரிக்கையில் நதியாவின் வீட்டை யாரிடம் விசாரித்தாலும், "யாரு, அந்த ரெட்டைப் புள்ளைக்காரி ஊடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவளுக்கு இருப்பதோ ஒரே ஒரு பெண் பிள்ளை. அந்தப் பெயர் எப்படி வந்து அவள்மேல் ஒட்டிக்கொண்டது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதியும் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது.

நதியா வாலாஜாபாத்தில் பிறந்தவள். அப்பா அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை பார்த்தவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தலையில் தொப்பி, மேலே நீலக் கோட்டு, கண்ணுக்கு முன்னால் பூதக்கண்ணாடி. வரிசையாக வருகிற துண்டுகளில் கீறல், விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். அவ்வளவுதான் வேலை. சர்ச்சுக்கு வந்து போகிற இடத்தில் ஜான்சனைப் பார்த்தாள், பிடித்தது, இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணம் செய்து வைத்தார்கள்.

ஜான்சனுக்குச் சொந்த ஊர் தென்னேரி. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் சேலை பண்டல்களை மெட்ராசுக்குக் கொண்டுபோவான், திரும்பி வரும்போது நூல் மூட்டை ஏற்றி வருவான். வாய் பெரிது, மனசும் பெரிது. தெருவில் ஒரு சாவு என்றால் கேட்காமலே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அவன் முகம் மாறிவிடும். அவனுக்குப் பதினேழு வயதில், நெஞ்சு வலி என்று போன அப்பாவை, "வாயுக் கோளாறுதான், கூட்டிக்கினு போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இவன் மடியில் செத்தார். எதனால் செத்தார் என்று அதன் பிறகும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கேட்கப் போன அவன் அம்மா வடிவை வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை.

கல்யாணமாகி நான்கு வருஷம் குழந்தை இல்லை. வடிவு வாரத்துக்கு ஒருமுறை தென்னேரியிலிருந்து வந்து மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போவாள். மாத்திரை, ஊசி, ஜெபம், விரதம் எல்லாம் ஆனபிறகு ஒருநாள் நாள் தள்ளிப்போனது. ஜான்சன் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதான்.

ரங்கசாமி குளம் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நதியா படுத்தாள். சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம் என்று போர்டு. சத்யப்ரியா என்ற இளம் டாக்டர் குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை அழுத்தினாள். பிறகு வெளியே நின்றிருந்த ஜான்சனைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பினாள்.

சாம்பல் நிற மூட்டத்துக்குள் அவரை விதை மாதிரி இரண்டு கறுப்புக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அரிசி மணியின் நடுவில் நிற்காமல் ஒரு மினுக்கல்.

"இன்னா டாக்டர் அது, மினுக்கு மினுக்குன்னுது?"

"இதயம். கை கால் இன்னும் வரலை, முகமும் வரலை. ஆனா இதயம் ஓட ஆரம்பிச்சாச்சு."

"ரெண்டு கீதே!"

"ஆமா. ரெண்டு. ஆனா கேளுங்க சார், இது சரியான வளர்ச்சியில இருக்கு. இன்னொண்ணு சின்னதா இருக்கு, துடிப்பும் மெதுவாத்தான் போகுது. ரெண்டு வாரம் கழிச்சு வந்து பார்த்துக்கலாம். அதுவரைக்கும் ரெண்டுன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

நதியாவுக்கு அந்தப் பேச்சு முழுசாகக் காதில் விழுந்தது. ஜான்சனுக்கு ரெண்டு என்ற சொல்லோடு காது அடைத்துப்போனது. கையில் கொடுத்த ஸ்கேன் படத்தை வெளியே வந்ததும் போனில் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். வண்டியை நிறுத்தி நிறுத்தி ஸ்வீட் கொடுத்தான். பட்டுக் கடை முதலாளி, டீக்கடைக்காரர், பாஸ்டர், தெருவில் போகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லை. வடிவு அன்று சாயந்திரமே இரண்டு தொட்டில் சேலையைக் கிழித்து வைத்தாள். "டாக்டர் சொல்ல வேணாம்னாங்களேங்க" என்று நதியா இழுத்தபோது, "கண்ணு படும்னு சொல்லியிருப்பாங்க. நம்ம ஜனங்க கண்ணெல்லாம் நல்ல கண்ணுதான்" என்று சிரித்தான்.

இரண்டாவது ஸ்கேன் அன்றைக்கு ஜான்சனுக்கு தி.நகர் லோடு. தள்ளிப்போட முடியாத ஆர்டர், யாரோ பெரிய இடத்துக் கல்யாணம். நதியா தனியாகத்தான் போனாள்.

இந்த முறை டாக்டர் திரையைத் திருப்பவில்லை. ஆனாலும் ஓரத்தில் கண்ணைத் திருப்பினால் தெரிந்தது. ஒரு குழியில் இருந்தது அரிசி மணி இல்லை இப்போது. உடம்பில் பாதி தலையாக, பக்கவாட்டில் மொட்டு மாதிரி நான்கு முளைகளோடு, துள்ளித் துள்ளி அடங்கியது. நெஞ்சில் மினுக்கல் வேகமாக ஓடியது. இன்னொரு குழியில் இருந்தது போன தடவை இருந்தபடியே இருந்தது. மினுக்கல் இல்லை. டாக்டர் கருவியை இப்படி அழுத்தினாள், அப்படிச் சாய்த்தாள், நெடுநேரம் காத்திருந்தாள். நாள் முழுக்க பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகிய நதியாவின் கண்ணுக்கும் எதுவும் அசைவதாகத் தெரியவில்லை.

"நின்னு போச்சும்மா" என்றாள் டாக்டர். "போன தடவையே எனக்குச் சந்தேகம்தான். இன்னொண்ணு நல்லா இருக்கு. அதைப் பார்த்துக்கோங்க."

"அது உள்ளயே கீதே, இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். தானே கரைஞ்சிடும்."

வெளியே பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னாள். நதியா களிம்பைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழவேண்டும் போல் இருந்தது. ஆனால் அழுதால் உள்ளே இருப்பதற்கு ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகம். வாயை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜான்சன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்ததும் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"யாரு சொன்னா?"

"டாக்டர்தாங்க. நானும் பாத்தேன்."

"நீ இன்னா பாத்த? படுத்துக்கினு பாத்தா ஒழுங்கா தெரியுமா? ஒண்ணு பின்னால இன்னொண்ணு மறைஞ்சிருக்கும். ரெண்டு ஓடினதை நான் நேரா நின்னு பாத்தவன்."

வடிவு வேறு மாதிரி கேட்டாள். "பஸ்ஸுல குலுங்கிக்கினு கம்பெனிக்குப் போவாதடின்னு சொன்னேனா இல்லியா? எம்புள்ள ஊரு பூரா ஸ்வீட் குடுத்துட்டான். இப்ப அவன் மூஞ்சை எங்க வச்சுக்குவான்?"

அந்தக் கேள்வி நதியாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்தானோ? நின்றுகொண்டே வேலை செய்ததுதானோ? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு ஜான்சன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தான். அன்று இருந்தவர் வேறு டாக்டர், வயதானவர், அவசரக்காரர். குழந்தைக்கு இப்போது மூக்கு இருந்தது. முழங்கால் மடங்கி இருந்தது. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, யாரையோ போகச் சொல்வதுபோல் ஆட்டியது. அதன் ஓரத்தில் கசங்கிய பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மற்றது இருந்த இடம் அதுதான்.

"இன்னொண்ணு எங்க?" என்றான் ஜான்சன்.

"வேனிஷிங் ட்வின். சகஜம்தான். மறைஞ்சு போச்சு."

"மறைஞ்சு போச்சுன்னா எங்க போவும்? வெளிய ஒரு சொட்டு ரத்தம் வரல. கையும் காலுமா வளர வேண்டிய புள்ள எங்க சார் போவும்?"

"உடம்பே உறிஞ்சிக்கும்பா."

"யாரு உடம்பு?"

"அம்மா உடம்பு. போப்பா, வெளிய கூட்டம் நிக்குது."

ஜான்சன் கேட்டது நியாயமான கேள்விதான். இரண்டு நிமிஷம் உட்காரவைத்து யாராவது பதில் சொல்லியிருந்தால் அவன் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் அவனுடைய லுங்கியையும் கையில் இருந்த வண்டிக் கரியையும் பார்த்தவர்கள் இரண்டு நிமிஷம் கொடுக்கவில்லை. நதியாவுக்கோ அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. அம்மா உடம்பு. அன்று மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் ஒரு வாய் விழுங்க முடியாமல் எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பல மாதம் சாப்பிட்டதெல்லாம் உள்ளே இருப்பதற்காக, மருந்து குடிப்பதுபோலத்தான்.

ஐந்தாம் மாதம் பெரிய ஸ்கேன். மறுபடி சத்யப்ரியா டாக்டர். இந்த ஒருநாளுக்காக நதியா காத்திருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினாள்: சீப்புப் பல் மாதிரி வரிசையாக முதுகெலும்பு, நெஞ்சுக்குள்ளே நாலு அறை திறந்து மூடுவது, இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை மாதிரி சிறுநீரகம். குழந்தை கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய், தவறவிட்டு, மறுபடி கொண்டுபோனது. நதியாவின் கண் நிறைந்தது.

"மேடம், அதெல்லாம் சரி. பின்னாடி கொஞ்சம் பாருங்க. இன்னொண்ணு இருக்குதா?" என்றான் ஜான்சன்.

"சார், ஏற்கெனவே சொல்லியாச்சே."

"நீங்கதான ரெண்டுன்னு சொன்னீங்கோ? படம் என் போன்ல கீது. அன்னிக்கு இருந்தது இன்னிக்கு இல்லன்னா இன்னா அர்த்தம்? எங்க ஆளுங்கன்னா இளிச்சவாயனுங்களா?"

டாக்டர் முகம் சிவந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாக்கி ஸ்கேன் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நதியா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை காட்டவில்லை.

அவன் அவளை வேலூருக்கும் அழைத்துப்போனான், மெட்ராசுக்கும் அழைத்துப்போனான். எல்லா இடத்திலும் ஒன்று என்றுதான் சொன்னார்கள். எல்லாரும் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றான் ஜான்சன்.

பிரசவம் ஆபரேஷனில் ஆனது. ஒரு பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். ஜான்சன் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டான். நர்ஸ் முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள். அவன் குரல் மாடிவரைக்கும் கேட்டது. "பையனைக் குடுங்கடா! எம்புள்ளைய எவனுக்குடா வித்தீங்க?" போலீஸ்காரர் வந்து தோளில் கைபோட்டு வெளியே இழுத்துப் போனார். உள்ளே, வயிற்றைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே நதியாவுக்கு அது காதில் விழுந்தது. தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர், "உன் வீட்டுக்காரனாம்மா அது?" என்று கேட்டாள். நதியா ஆமாம் என்றாள். அதன் பிறகு வார்டில் இருந்த நாட்களில் யாரும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பையன் என்று அவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அரிசி மணியில் ஆண் ஏது, பெண் ஏது? ஆனால் இருப்பது பெண் என்றானதும், போனது பையன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வடிவு குறி கேட்கப் போனாள். தெற்குத் திசையில் வசதியான வீட்டில் வளர்கிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். வடிவு அதை வந்து சொன்னபோது ஜான்சன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நதியா அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பாஸ்டருக்குத் தெரியாமல் தாயும் மகனும் அந்தக் குறி சொல்கிற இடத்துக்கு மூன்று தடவை போய்வந்தார்கள்.

பெண்ணுக்கு ஜீவிதா என்று பெயர் வைத்தார்கள். ஜான்சன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு திரிவான், கேட்டதை வாங்கிக் கொடுப்பான். ஆனால் அவள் முகத்தை அவன் பார்க்கிறபோதெல்லாம் அவளைப் பார்க்கவில்லை என்று நதியாவுக்குத் தெரியும். அவள் காது எப்படி இருக்கிறது, சுழி எங்கே இருக்கிறது, சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழுகிறது என்று அடையாளம் எடுப்பான். அதே முகத்தை வேறொரு உடம்பில் தேட வேண்டுமே. கிறிஸ்துமஸுக்கு இரண்டு துணி எடுப்பான், ஒன்று பையன் சட்டை. வருஷா வருஷம் ஒரு அளவு பெரிதாக எடுப்பான். "உன் தம்பி வருவான்" என்று பிள்ளையிடம் சொல்லுவான். ஜீவிதா பேச ஆரம்பித்த நாளிலிருந்து பொம்மையைப் பங்கு பிரித்து ஒரு பாதியை ஓரமாக வைப்பாள்.

நதியா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "அது போயிடுச்சுங்க. குழந்தைகிட்ட அப்படிச் சொல்லாதீங்க."

ஒருநாள் காலையில், அவள் மறுபடியும் அதைச் சொன்னபோது, அவன் கத்தினான். "எங்கடி போச்சு? உன் வயித்துலதான இருந்துச்சு? டாக்டர் சொன்னாரே, அம்மா உடம்பு உறிஞ்சிடுச்சுன்னு. அப்ப நீதான தின்னுட்ட? சொல்லு! ஒண்ணு அவனுங்க வித்திருக்கணும், இல்ல நீ தின்னுருக்கணும். எது?"

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நதியா சீப்பை எடுத்து ஜீவிதாவுக்குத் தலை வார உட்கார்ந்தாள். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சடை பின்னி முடித்து, அடுத்த சடைக்கு வந்தபோது, திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நீ தம்பியத் தின்னுட்டியா?"

நதியா அவள் முதுகில் ஓங்கி அடித்தாள். பிள்ளை அழவில்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டு, ஒரு சடையோடு, பள்ளிக்கூட வேனுக்கு நடந்தாள்.

அந்த வருஷம் வைகாசியில் பெருமாள் கோயில் கருடசேவைத் திருவிழா. ஊர் ஜனம் முழுக்கத் தெருவில் இருந்தது. ஜான்சன் யாரோ வைத்திருந்த தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் டிரம் இறக்கப் போயிருந்தான். கூட்டத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பையனைப் பார்த்தான். ஆறு வயது இருக்கும். ஜீவிதாவின் காது, ஜீவிதாவின் சுழி. அப்பன்காரன் குடை வாங்கக் கையை விட்ட நேரத்தில் ஜான்சன் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு நடந்தான்.

"புள்ள புடிக்கிறவன்!" என்று ஒரு குரல் கிளம்பியது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், எத்தனை பேர் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவன் அடி வாங்கும்போதெல்லாம், "எம்புள்ள, எம்புள்ளடா" என்றுதான் சொன்னானாம். அது அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நதியாவுக்குக் கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது. கோட்டைக் கழற்றாமலே ஓடினாள். ஜான்சனின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலையை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மண்டைக்குள் ஒரு இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது, மருந்திலேயே கரைந்துவிடும் என்று சொன்னார். ஜான்சன் வீங்கிய கண்ணால் படத்தைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். கரைவது எங்கே போகும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நதியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வருஷமாக அவள் அடக்கி அடக்கி வைத்திருந்த கோபம் அந்த ஒரு தலையாட்டலில் வந்த அளவுக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா வார்டுக்கு வந்தாள். தையல்நாயகி என்று பெயர், பிள்ளையார்பாளையத்துக்காரி. நதியா அவள் காலில் விழப்போனாள். அவள் தடுத்துத் தூக்கினாள்.

"என் வூட்டுக்காரர் கேஸ் குடுத்துட்டாரும்மா. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. ஆனா உன் வூட்டுக்காரர் எம்புள்ளைய ஒண்ணும் பண்ணல. 'உன் அக்கா ஊட்ல காத்துக்கினு இருக்கா, வாடா'ன்னு சொன்னாராம்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இவன் ஒத்தப் புள்ள. 'எனக்கு அக்கா இருக்குதா, எனக்கு அக்கா இருக்குதா'ன்னு கேட்டுக்கினே கீறான். நான் இன்னா சொல்லுவேன், சொல்லு."

நதியா அவளை வார்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

ஜான்சன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் நதியா லீவு போட்டுவிட்டு அதே ஸ்கேன் சென்டருக்குப் போனாள். சத்யப்ரியா டாக்டர் இப்போது கண்ணாடி போட்டிருந்தாள், உடம்பு பெருத்திருந்தது. நதியாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன கேஸ், எத்தனாவது மாதம் என்று கேட்டாள்.

"மாசம் எல்லாம் இல்ல மேடம். பழைய விஷயம். எனக்கு ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு நின்னு போச்சு. நான் பஸ்ஸுல போனதால நின்னுச்சா?"

"பஸ்ஸா? இல்லம்மா. அந்த நேரத்துல நிக்கிறதுல முக்கால்வாசி ஆரம்பத்துலயே செல்லுக்குள்ள கோளாறா உருவானது. நீங்க படுத்தே கிடந்திருந்தாலும் நின்னுருக்கும்."

"உடம்பு உறிஞ்சிக்கும்னு சொன்னாங்களே."

"வேற வழி இல்லம்மா அதுக்கு. அது சின்னது. எலும்புகூட இருக்காது. தண்ணி வத்துற மாதிரி வத்திடும். அதுல உங்க தப்பு, உங்க உடம்போட தப்புன்னு ஒண்ணும் கிடையாது." டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இதை யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

"இல்ல மேடம்" என்றாள் நதியா. நீங்களும் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டினாள். இவ்வளவுதானா. சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் ஜான்சன் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தான். வடிவு அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நதியா இருவருக்கும் முன்னால் போய் நின்றாள். அதுவரை அவள் அவனிடம் ஒருமையில் பேசியதில்லை.

"கேளு. நம்ம புள்ள செத்துப் போச்சு. அது நின்னு போனதை நான் கண்ணால பாத்தேன். நீ தி.நகருக்கு லோடு ஏத்திக்கினு போயிருந்த. யாரும் விக்கல. யாரும் திங்கல. அது வளரவே இல்ல. எனக்கும் அது புள்ளதான். அதுக்காக ஒரு நாளு அழ விட்டியா நீ என்னை?"

வடிவு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜான்சன் அம்மா பக்கம் திரும்பி, "இவளையும் ஆஸ்பத்திரிக்காரனுங்க பேசி மடக்கி வச்சிருக்கானுங்கமா" என்றான்.

அந்த வாரமே வடிவு மகனைத் தென்னேரிக்கு அழைத்துப்போனாள். நதியா தடுக்கவில்லை. குட்டி யானையை வேறு ஒருவன் எடுத்துக்கொண்டான். கால் சரியாகக் கூடவில்லை, அதனால் ஜான்சனால் இனி வண்டி ஓட்ட முடியாது. ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். புதிதாக வருகிறவர்களிடம் போனை நீட்டி இரண்டு கறுப்புக் குழிகளைக் காட்டுவான். "எண்ணிச் சொல்லு, எத்தினி கீது?" என்பான். எல்லாரும் இரண்டு என்றுதான் சொல்லுவார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நதியாதான் அவனைக் கைத்தாங்கலாகக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகிறாள். போகும்போதும் வரும்போதும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஜீவிதா மட்டும் ஞாயிற்றுக்கிழமை வடிவோடு பஸ்ஸில் தென்னேரிக்குப் போய்வருகிறாள். வந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அம்மா தொட்டால் கொஞ்சம் விலகி உட்காருவாள்.

போன மாதம் கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாட்டின்போது நதியாவுக்கு அழுகை வந்தது. காரணமே இல்லை. சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தாள், அப்படியே வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற ரேவதி, ஏனாத்தூர்ப் பெண், பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"இன்னாக்கா? ஊட்ல ஏதாச்சுமா?"

"ஒரு புள்ள செத்துப் போச்சு, ரேவதி."

"ஐயோ! எப்பக்கா?"

"ஏழு வருஷம் ஆச்சு. வயித்துக்குள்ளயே. இத்தினிக்காண்டு இருக்கும்." விரல் நுனியில் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டினாள்.

ரேவதி கையை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த பதற்றம் போய், கொஞ்சம் சலிப்பு வந்தது. "அதுக்கா இப்ப அழுதுக்கினு கீற? நான் பயந்தே போய்ட்டேன். சாப்டுக்கா, பெல் அடிச்சிடும்."

நதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்தாள். பெல் அடித்தது. தட்டைக் கழுவிப் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு இருவரும் லைனுக்குப் போனார்கள்.